இதயத்துக்கு எஃப்.சி.

டிரெட்மில்லில் நடந்ததற்காக என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பொன்னாடை சரிகைக் கரையோடு இன்னமும் எங்கள் பீரோவில் இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மனிதர் காலமெல்லாம் லாரிக்கு பாடி கட்டினார். அவர் கட்டிய வண்டிகள் வடக்கே எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்காக அவருக்கு ஒருவரும் ஒரு கைத்துண்டு கூடப் போர்த்தியதில்லை. அறுபது தாண்டிய பிறகு, நெஞ்சு முடியை மழித்து ஒயர் ஒட்டிக்கொண்டு, ஓடுகிற ரப்பர் பட்டை மேல் நடந்து, வலிக்கவில்லை என்று பொய் சொன்னதற்குப் போர்த்தினார்கள்.

நாமக்கல்லில் எங்களுக்குப் பட்டறை. அவர் பாடி கட்டுவார். பக்கத்துக் கொட்டகையில் நான் ஆள் வைத்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்தேன். வெல்டிங் சத்தம், சுத்தியல் சத்தம், இதற்கெல்லாம் மேலே பேசிப் பேசி என் தொண்டை இப்படி ஆகிவிட்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்டாலே நான் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும் என்று என் மருமகள் சொல்வாள். பட்டறையை மகன் கையில் கொடுத்த பிறகும் என் குரல் மட்டும் இறங்கவில்லை.

அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பட்டறைக்குப் போய் மகனுக்கு யோசனை சொன்னார். வேலை செய்கிறவர்களிடம் ரிவெட்டை இப்படி அடி, அப்படி அடி என்றார். பொறுத்துப் பார்த்த மகன் ஒரு நாள் ஒரு கியர் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "அப்பா, காத்தால நீங்க இதுல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, உடம்புக்கு நல்லது" என்றான். அப்பனைக் கிளப்பி விடுவதற்கு நல்ல வழி கண்டுபிடித்தாய் என்று அன்றைக்கு நான் அவனைக் கேலி செய்தேன். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருவதில்லை.

வீட்டில் இப்படி இருப்புக் கொள்ளாத ஆட்கள் ஊரில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். கோழிப்பண்ணையை மருமகனிடம் விட்டவர், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளை விற்றுவிட்டு உட்கார்ந்தவர், ஒரு ஃபைனான்ஸ்காரர், தறி நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்காரர் ஒருவர், இன்னும் சிலர். எல்லோரும் தாத்தாக்கள். விடிகிற நேரத்தில் பைபாஸ் முக்கில் சேர்ந்து பரமத்தி வேலூர் வரைக்கும் மிதித்துப் போவார்கள். காவிரிப் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். திரும்பும்போது பின்னால் ஒரு சீப்பு பூவன் பழம் தொங்கும். உடம்போடு ஒட்டிய பச்சை நிறச் சட்டை, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. முதல் நாள் அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்துவிட்டுப் பால்காரர் யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து வழி விட்டு நின்றார்.

நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை குறைந்தது. படுத்தால் தூங்கினார். மகனிடம் சண்டை நின்றது. ஆனால் ஆண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் அங்கே ஒரு பந்தயம் வந்துவிடும். பந்தயமே கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். பிறகு யார் முதலில் பாலத்தைத் தொட்டது, யார் எந்த மேட்டில் இறங்கித் தள்ளியது என்று வாட்ஸ்அப் குரூப்பில் பொழுது சாயும் வரைக்கும் ஓடும். மேட்டில் இறங்கித் தள்ளியவரைக் குறைந்தது ஒரு வாரத்துக்குக் கேலி செய்வார்கள். இதனால் மேட்டில் யாரும் இறங்குவதே இல்லை.

சைசிங் மில்காரரும் இறங்கவில்லை. வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நெஞ்சைக் கரிக்கிறது, ஒரு சோடா கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வாயுவாகத்தான் இருக்கும் என்று நண்பர்கள் முடிவு செய்து இஞ்சியும் எலுமிச்சையும் பிழிந்து கொடுத்திருக்கிறார்கள். பாதி சோடா குடித்தவர் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

துக்க வீட்டில் அவருடைய மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஒரு வாரமா பல்லு வலி, தாடை வலின்னாருங்க்கா. பல்லு டாக்டரப் பாருங்கன்னேன். சைக்கிள் ஓட்டறப்பத்தான் வலிக்குது, எறங்குனா செரியாப் போயிருதுன்னாரு. சைக்கிள் ஓட்டுனாப் பல்லு வலிக்குமான்னு எனக்குக் கேக்கத் தெரீலீங்க்கா" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டு ஆண்கள் பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொம்பப் புண்ணியமான சாவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே நாங்கள் பெண்கள் எல்லோரும் ஒன்றாகச் சொல்லிவிட்டோம். நெஞ்சை டெஸ்ட் பண்ணிக்கொள்ளாமல் சைக்கிளைத் தொடக்கூடாது. ஆச்சரியமாக ஒருத்தரும் மறுக்கவில்லை. கோயிலுக்குப் போகிற மாதிரி வேன் பிடித்து, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே நாளில் டிரெட்மில் டெஸ்டுக்குச் சொல்லி வைத்தார்கள். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர்கள் அந்த டெஸ்டுக்கு வைத்த பெயர் எஃப்.சி. லாரி வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் எஃப்.சி. என்றால் அது ஒரு தனி வேலை. வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரியான ஆட்கள் நிஜமாகவே வண்டியைச் சரி பண்ணுவார்கள். சில பேர் மட்டும் அன்றைக்கு ஒரு நாளைக்கு இன்னொரு வண்டியின் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வழுக்கை டயரோடு வண்டி மலை இறங்கும். கையில் சான்றிதழ் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எஃப்.சி. வேலை நடந்தது. காலையில் வெறும் வயிற்றில் பூண்டு, மத்தியானம் பீட்ரூட் சாறு, டீ கிடையாது. சைக்கிளை ஓட்டாமல் உடம்புக்கு ஓய்வு கொடுத்தார். கோழிப்பண்ணைக்காரர் தன் பேரன் போகிற ஜிம்முக்குப் போய் டிரெட்மில்லில் பழகிவிட்டு வந்தார். டெஸ்டில் ஸ்டேஜ் ஸ்டேஜாக வேகமும் மேடும் கூடிக்கொண்டே போகும், மூன்றாவது ஸ்டேஜ் தாண்டினால் இளந்தாரி உடம்பு என்று அவர்தான் கண்டுபிடித்து வந்து சொன்னார். அவ்வளவுதான், பாலத்தைத் தொடுகிற பந்தயம் போய் ஸ்டேஜ் பந்தயம் ஆரம்பமாகிவிட்டது. செத்தவருக்குக் காரியம் கூட முடியவில்லை.

வேனில் பெண்கள் முன்னால் உட்கார்ந்தோம். ஆண்கள் பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஏதோ குசுகுசுத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டம். டெஸ்ட் எடுக்கிற அறைக்குக் கண்ணாடிக் கதவு. வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியும். ஒருவர் நடக்க நடக்க மற்றவர்கள் எட்டிப் பார்த்து, ரெண்டு தாண்டிட்டாரு, மூணுல நிக்கறாரு என்று கிரிக்கெட் மேட்ச் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து இரண்டு முறை அதட்டிவிட்டுப் போனார்.

என்னவர் முறை வந்தது. போவதற்கு முன் பாத்ரூம் போய்விட்டு வந்தார். பட்டை ஓட ஆரம்பித்ததும் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைத்து, முழங்கையை மடக்கி, சைக்கிள் ஹேண்டில்பாரில் சாய்கிற மாதிரியே சாய்ந்துகொண்டார். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். கால் பட்டையில் நடக்கிறது, உடம்புப் பாரம் கம்பியில் கிடக்கிறது. மெஷினை ஓட்டிய பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

எனக்கு அவருடைய ஒரு பழக்கம் தெரியும். வலி வந்தால் இடது காது மடலைப் பிடித்து இழுப்பார். பட்டறையில் காலில் இரும்பு ஆங்கிள் விழுந்து விரல் நசுங்கியபோது காதை இழுத்துக்கொண்டே ஆட்களுக்கு வேலை சொன்னார். சிறுநீரகத்தில் கல் வந்தபோது ராத்திரியெல்லாம் காதை இழுத்துக்கொண்டு, வெக்கையா இருக்குது என்றார். வாயால் வலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மூன்றாவது ஸ்டேஜ் பாதியில் அவர் இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்துக் காதைப் பிடித்தார். ஒரு இழு. உடனே திரும்பவும் கம்பி.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "அவருக்கு வலிக்குதுங்க, நிறுத்துங்க" என்றேன்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "வலி இருக்குங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க சார். நெம்ப நல்லா இருக்குதுங்க. அவ அப்படித்தான், சும்மா பயந்துக்குவா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் டாக்டர். தப்பாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து கூடவே இருக்கிறவள் பார்த்துச் சொன்னது அங்கே செல்லுபடியாகவில்லை, அவர் வாயிலிருந்து வந்த பொய் செல்லுபடியானது. அதற்கு மேல் அங்கே நான் என்ன செய்ய முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மற்ற யாரும் மூன்றைத் தாண்டவில்லை, என் வீட்டுக்காரர் நான்காவது ஸ்டேஜ் வரைக்கும் போனார். ரிசல்ட் நெகட்டிவ், அதாவது கோளாறு ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலையில் பைபாஸ் முக்கில் அவருக்குப் பொன்னாடை. முன்னாள் கவுன்சிலர் ஒருவரை வேறு கூட்டி வந்திருந்தார்கள். இளைஞர்களுக்கு முன்னுதாரணம் என்று பேசினாராம். போட்டோ குரூப்பில் வந்தது. பச்சைச் சட்டைக்கு மேலே பொன்னாடை, தலையில் ஹெல்மெட், முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதே குரூப்பில் அடுத்த அறிவிப்பும் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் வழியாகப் போய், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை உச்சி வரைக்கும் சைக்கிள் பயணம், நம் சாம்பியன் தலைமையில். அந்த மலை ரோடு வளைவு வளைவாக ஏறிக்கொண்டே போகும். லாரியே முக்கி முனகித்தான் ஏறும்.

நான் வேண்டாம் என்றேன். "எஃப்.சி. வாங்கியாச்சு அம்மிணி, இன்னும் என்ன?" என்றார்.

சனிக்கிழமை துணி துவைக்க எடுத்தேன். சேலத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையும் கூடையில் கிடந்தது. சைக்கிள்காரர்கள் போடுகிற அந்தச் சட்டைக்கு முதுகில் பை இருக்கும். அதில் கை விட்டேன். கத்தரியில் வெட்டிய மாதிரி ஒரு துண்டு அலுமினியத் தாள். ஒரு மாத்திரை இருந்த குழி, காலியாக. பெயரில் பாதிதான் இருந்தது. எனக்கு அந்தப் பாதி போதும். என் அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு அவர் சட்டைப் பையில் எப்போதும் இருந்த மாத்திரை அது. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை.

சோப்புக் கையோடு கூடத்துக்குப் போனேன். அவர் நாளைய பயணத்துக்குச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது என்னுங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "ஏதோ கேஸ் மாத்தர."

"கேஸ் மாத்தரையா? எங்க அண்ணன் பாக்கெட்ல இதப் பாத்தவ நானு. உங்களுக்கு எப்பலேர்ந்து வலிக்குது?"

"வலியெல்லாம் ஒன்னுமில்ல. டெஸ்டுக்கு ஒரு சேப்டிக்குப் போட்டுக்கிட்டது. எல்லாருந்தான் போட்டோம்."

பிறகு துண்டு துண்டாக வாங்கினேன். ஃபைனான்ஸ்காரருக்கு ஏற்கெனவே நெஞ்சில் கோளாறு இருந்திருக்கிறது. கோயம்புத்தூரில் ரகசியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை அந்த வேனின் பின்சீட்டில் வெட்டி வெட்டி, கடலை மிட்டாய் மாதிரி எல்லோருக்கும் பங்கு கொடுத்திருக்கிறார். உள்ளே போவதற்குக் கொஞ்சம் முன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டால் மெஷினில் ஒன்றும் தெரியாது என்றிருக்கிறார். எஃப்.சி.க்கு இரவல் டயர் மாட்டுவதில்லையா, அந்த மாதிரிதான் என்றிருக்கிறார். பின்சீட்டில் அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் பொய் சொன்னது கூடப் பெரிதில்லை. இந்த மனிதரிடம் யாராவது துருப்பிடித்த தகட்டின் மேலே பெயிண்ட் அடித்துக் கொடுங்கள், எஃப்.சி. முடிந்தால் போதும் என்று கேட்டு வந்தால், என் பட்டறையில் அது ஆகாது, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார். அதனால் எத்தனையோ வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. அந்த வறுமையை நானும் சேர்ந்து பட்டிருக்கிறேன். யாரோ ஒருவருடைய லாரிக்குச் செய்ய மாட்டேன் என்றதைத் தன் நெஞ்சுக்குச் செய்துவிட்டு வந்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, என் முன்னால் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"துருவுக்கு மேல பெயிண்ட் அடிச்சுட்டு வந்துருக்கீங்க" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் எண்ணெய்க் கையோடேயே காதைப் பிடித்தார்.

"செரி, இன்னொருக்கா டெஸ்ட் எடுங்க. மாத்தர இல்லாம."

"நாளைக்கு எல்லாரும் வாராங்க. நான் வல்லீன்னா என்ன நெனப்பாங்க?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு உள்ளே எல்லாம் அறுந்து போனது. என்ன நினைப்பார்களாம். சைசிங் மில்காரரும் இதைத்தான் நினைத்துக்கொண்டு மேட்டில் இறங்காமல் மிதித்திருப்பார். நான் அவருடைய போனை எடுத்தேன். குரூப்பைத் திறந்தேன். எழுத எனக்குப் பொறுமை இல்லை, குரலைப் பதிவு பண்ணி அனுப்பினேன்.

"நான் உங்க சாம்பியன் ஊட்டுக்காரி பேசறனுங்க. உங்க சாம்பியனுக்கு டெஸ்ட்ல நெஞ்சு வலிச்சுது, மறைச்சுட்டாரு. நீங்க எல்லாரும் வேன்ல மாத்தர பங்கு போட்டுத் தின்னது எனக்குத் தெரியும். உங்க ஊட்டுப் பொம்பளைங்களும் இதக் கேக்கட்டும். நாளைக்கு மலைக்குப் போறதா இருந்தா, ஆளுக்கு ஒரு சோடா பாட்டலும் எடுத்துட்டுப் போங்க. இஞ்சி எலுமிச்சங்கா நான் குடுத்து உடறேன்."

பட்டறைக் குரலில் பேசியது, பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்பதற்கு நீல டிக் வந்தது. கோழிப்பண்ணைக்காரர் மனைவி மட்டும் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இவரும் படியேறறப்ப நின்னு நின்னுதான் ஏறறாரு. கேட்டா செருப்பு கடிக்குதுங்கறாரு" என்று சொல்லி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் முக்குக்கு ஒருவரும் வரவில்லை.

ஃபைனான்ஸ்காரர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங் தங்கச்சி, ஊட்டுக்குள்ள பேச வேண்டிய விசயத்த குரூப்ல போடலாமுங்களா? எங்களுக்கெல்லாம் ஒரு மரியாத இல்லீங்களா?"

"இருக்குதுங்ணா. அந்த மரியாதையச் சைசிங் மில்காரரு சம்சாரத்துகிட்டப் போய்ச் சொல்லுங்க. உங்களுக்கு நெஞ்சுல கோளாறுன்னு உங்களுக்குத் தெரியும். அவுரு டீக்கடையில நெஞ்சக் கரிக்குதுன்னப்ப நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. உங்க பாக்கெட்ல அந்த மாத்தர இருந்துதுங்களா, இல்லீங்களா?"

அவரிடம் இதை யாரும் அதுவரைக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருவேளை அவரே கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. "எடுத்துக் குடுத்தா, எனக்கும் இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுருமேன்னு" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நண்பரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மறுக்காவும் டெஸ்ட் எடுத்துக்கறேன். கத்தாத" என்றார்.

இந்த முறை பூண்டும் கிடையாது, பீட்ரூட்டும் கிடையாது, வேனும் கிடையாது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் போனோம். வேறு ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரிடம் மாத்திரை போட்டதை நான்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. சைக்கிள் ஓட்டுவீர்களா என்று மட்டும் கேட்டார். "அப்படின்னா கம்பியப் புடிச்சுச் சாஞ்சுருப்பீங்க. பாரமெல்லாம் கைக்குப் போயிட்டா இதயத்துக்கு என்ன வேலை இருக்கும்? இன்னிக்கு விரல் நுனிதான் படணும்" என்றார்.

என்னை ஒரு திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பட்டை ஓடுகிற சத்தம். அதன் மேல் அவருடைய ஷூ சத்தம். மெஷினை ஓட்டுகிற சின்னப் பெண்ணின் குரல்.

"ஐயா, நெஞ்சுல வலி, கனம் எதாவது இருக்குதுங்களா?"

"இல்ல சாமி."

பட்டையின் சத்தம் கூடியது. இரண்டாவது ஸ்டேஜ் என்று அந்தப் பெண் சொன்னாள். ஷூ சத்தம் முன்னே மாதிரி சீராக இல்லை. நான் என் கையால் என் வாயையே பொத்திக்கொண்டேன். உள்ளே போய் நிறுத்துங்கள் என்று கத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"ஐயா, இப்ப? எதாவது இருந்தாச் சொல்லுங்க."

ஷூ சத்தம் மட்டும் கேட்டது. இந்நேரம் கை காதுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவள் திரும்பவும் அதே குரலில், ரேஷன் கடையில் பெயர் கேட்கிற மாதிரி சாதாரணமாக, "வலிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"வலிக்குது சாமி" என்றார்.

பட்டை நின்றது. டாக்டர் வேகமாக ஏதோ சொன்னார். யாரோ ஓடினார்கள். நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். கால் விரல் நசுங்கியபோது என்னிடம் சொல்லவில்லை. கல் வந்தபோது சொல்லவில்லை. மாமியார் செத்த அன்றைக்குக் கிணற்று மேட்டில் தனியாக நின்று காதை இழுத்துக்கொண்டிருந்தார், நான் போய்க் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். இத்தனை காலமாக ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தையை, பெயர் கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டார்.

ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில், இதயத்தின் பெரிய ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. மலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். டாக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் ஆகவேண்டியதைச் சொன்னார். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள்.

வார்டில் கண் விழித்துக் கஞ்சி குடித்த பிறகு கேட்டேன். அதுவரைக்கும் பொறுத்ததே பெரிது.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலீங்களே. அந்தப் புள்ளகிட்டச் சொன்னீங்க."

"அந்தப் புள்ள கேட்டுச்சு."

"நான் கேக்கலியா?"

மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "நீ கேக்கறப்பப் பயமா இருக்குது அம்மிணி" என்றார்.

அப்போது அடுத்த கட்டிலில் இருந்தவர் கூடத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். அழவில்லை. பயமாம். லாரி டிரைவர்கள் கூட்டமாக வந்து சண்டை போட்டபோது பயப்படாதவருக்கு, மலை ரோட்டுக்குப் பயப்படாதவருக்கு, வலிக்குதா என்று நான் கேட்டால் பயமாம். வெல்டிங் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி இந்தக் குரலை நான் யார் பட்டறைக்காகக் கெடுத்துக்கொண்டேன்? அதையும் அவரே சொல்லட்டும்.

இப்போது காலையில் நடக்கிறார். சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும் வரைக்கும் அது சுவரில் மாட்டியிருக்கிறது. கோழிப்பண்ணைக்காரருக்கும் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. குரூப்பில் இப்போது ஆளுக்கு எத்தனை ஸ்டென்ட் என்று போட ஆரம்பித்திருக்கிறார்கள், அதில் ஒரு பந்தயம் வருவதற்கு முன்னால் நான் இன்னொரு தடவை குரல் அனுப்ப வேண்டியிருக்கும்.

நடந்துவிட்டு அவர் வாசற்படி ஏறும்போது நான் அடுப்படியிலிருந்தே கேட்கிறேன், அதே குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி: "வலிக்குதுங்களா?" படியில் நின்றுவிடுகிறார். கை காதுப் பக்கம் போகிறது, பாதியில் இறங்குகிறது. "இன்னிக்கி இல்ல" என்கிறார். ஒரு நாள், "லேசா" என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். பரவாயில்லை. என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றால் இருக்கட்டும். பயந்துகொண்டே சொல்லட்டும். நாளைக் காலையிலும் இதே குரலில்தான் கேட்பேன், பயப்படுவதற்கு அவர் இருக்க வேண்டும்.